காதும் காதும் வைத்தாற்போல் முடித்துத் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர்களின் தனிச்செயலர்களுக்கும், நேர்முக உதவியாளர்களுக்கும், செய்தித் தொடர்பாளர்களுக்கும், வழக்கறிஞர்களுக்கும், கேட்டபோதெல்லாம் பணம் எடுத்துக் கொடுக்கும் பெரிய மனிதர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு தலைவரின் ரகசியக் காதல் அம்பலமாகும்போதெல்லாம் ஊர் இரண்டு முகங்களைத்தான் தேடுகிறது. ஒன்று அவருடையது, இன்னொன்று அந்தப் பெண்ணுடையது. நடுவில் நிற்கும் உங்களை யாரும் கவனிப்பதில்லை. வேறு பெயரில் அறை எடுத்தவர் நீங்கள். பயணத்திட்டத்தில் இரண்டு நாட்களை வெறுமனே விட்டவர் நீங்கள். "அப்படி எதுவும் இல்லை" என்று நிருபர்களிடம் சத்தியம் செய்தவரும், பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவரும், அந்தப் பணத்துக்கு வேறு தலைப்பில் கணக்கு எழுதியவரும் நீங்கள்தான். ஆகவே இந்த மடலைத் தலைவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தலைவர் யாரைக் காதலிக்கிறார் என்று துருவுவதில் எனக்கு விருப்பம் இல்லை. வயது வந்த இருவர் மனம் ஒப்பிப் பழகினால் அது அவர்கள் பாடு. அதனால் புண்படும் குடும்பம் கேட்கவேண்டிய கேள்விகளைக் குடும்பம் கேட்டுக்கொள்ளும். பிறர் மனைவியோடு உறவு கொண்ட ஆணைச் சிறைக்கு அனுப்பிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018இல் நீக்கிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது அதற்கு முந்தைய ஆண்டு. இரண்டையும் மனதார வரவேற்றவன் நான். படுக்கையறை வாசலில் கேமராவோடு காத்திருக்கும் கூட்டத்துக்காக நான் வாதாட வரவில்லை.

ஆனால் 1994இல் ராஜகோபாலுக்கும் தமிழ்நாடு அரசுக்கும் இடையிலான வழக்கில், குடிமக்களின் அந்தரங்கத்துக்குக் காவல் நின்ற அதே உச்ச நீதிமன்றம், அரசுப் பதவியில் இருப்பவர் தம் பணி சார்ந்த செயல்களுக்கு அந்தரங்கத்தைக் கேடயமாக்க முடியாது என்றும் சொன்னது. காதல் அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. அதை மறைக்க அரசு வாகனமும் கட்சிப் பணமும் காவல்துறையும் நாடாளுமன்றத்தின் மேடையும் பயன்படும்போது விவகாரம் கோட்டைத் தாண்டிவிடுகிறது. தாண்ட வைப்பவர் பெரும்பாலும் தலைவர் இல்லை. அவருக்காக ஓடும் நீங்கள்.

ஆண்ட்ரூ யங்கின் கதையை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். உங்களில் ஒருவர் அவர். 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக முயன்ற ஜான் எட்வர்ட்ஸிடம் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்தவர். பிரசாரத்தைப் படம்பிடிக்க வந்த ஒரு பெண்ணோடு எட்வர்ட்ஸுக்கு உறவு ஏற்பட்டது. அவர் கருவுற்றார். எட்வர்ட்ஸின் மனைவி எலிசபெத் புற்றுநோயோடு போராடிக்கொண்டே கணவருக்காக வாக்குக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. செய்தி கசியத் தொடங்கியதும், 2007 டிசம்பரில், பிறக்கப்போகும் குழந்தைக்குத் தந்தை நான்தான் என்று ஆண்ட்ரூ யங் அறிவித்தார். அவருக்கு மனைவி இருந்தார். மூன்று சிறு பிள்ளைகள் இருந்தார்கள். அந்த மனைவியும் பிள்ளைகளும், கருவுற்றிருந்த அந்தப் பெண்ணோடு சேர்ந்து, ஊர் விட்டு ஊர் ஒளிந்து வாழவேண்டியதாயிற்று.

இதற்கான பணம் எப்படி வந்தது என்று நீதிமன்றத்தில் தெரியவந்தது. தொண்ணூறு வயதைக் கடந்த செல்வச் சீமாட்டி ரேச்சல் மெல்லன் 7 லட்சத்து 25 ஆயிரம் டாலர் கொடுத்தார். காசோலைகள் வீட்டு அலங்காரக்காரர் ஒருவரின் பெயருக்கு எழுதப்பட்டன. காசோலையின் அடியில் எதற்காக என்று எழுதும் இடத்தில் "நாற்காலிகள்" என்று இருந்தது. இன்னொன்றில் "பழங்கால மேசை". மற்றொன்றில் "புத்தக அலமாரி". அந்த நாற்காலியும் மேசையும் அலமாரியும் உலகத்தில் எங்கும் இல்லை. இருந்ததெல்லாம் ஒளித்து வைக்கப்பட்ட ஒரு கர்ப்பிணி மட்டும்தான்.

2008 ஆகஸ்டில் எட்வர்ட்ஸ் உறவை ஒப்புக்கொண்டார். அப்போதும் குழந்தை தம்முடையது இல்லை என்றார். 2010 ஜனவரியில்தான் அதையும் ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்தச் சிறுமிக்கு, உலகத்தின் கண்ணில், உங்களைப் போன்ற ஓர் உதவியாளர்தான் தகப்பன். 2012இல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது எட்வர்ட்ஸ் ஒரு குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். மற்ற ஐந்தில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அரசு வழக்கைக் கைவிட்டது. யங் தண்டனைக்குத் தப்பினாலும் சாட்சிக் கூண்டில் கிழிந்து போனார். பொய்யர், பணத்தில் பெரும்பகுதியைத் தன் வீடு கட்டச் சுருட்டியவர் என்று எட்வர்ட்ஸின் வழக்கறிஞர்கள் அவரைத் துவைத்து எடுத்தார்கள். அவர் நல்லவர் என்று வாதாட எனக்கு எண்ணமில்லை. பணம் அவர் வீட்டுக்கும் போனது என்பது விசாரணையில் வந்த செய்திதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: எந்தத் தலைவருக்காகத் தன் பெயரையே கொடுத்தாரோ, அந்தத் தலைவரின் தரப்பே அவருடைய பெயரை இல்லாமல் ஆக்கியது.

செயலர்களுக்குச் சொல்ல வேறொரு பெயர் இருக்கிறது: பெட்டி கரி. அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளிண்டனின் தனிச்செயலர். 1997 டிசம்பர் 28 அன்று வெள்ளை மாளிகைக்குப் பயிற்சிப் பணிக்கு வந்து அதிபரோடு உறவு கொண்டிருந்த மோனிகா லூயின்ஸ்கியிடமிருந்து, அதிபர் கொடுத்த பரிசுகள் அடங்கிய பெட்டியை வாங்கிவந்து தம் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தவர். அந்தப் பரிசுகளை ஒப்படைக்கச் சொல்லி, கிளிண்டன் தம்மிடம் பாலியல்ரீதியாக அத்துமீறினார் என்று பாலா ஜோன்ஸ் என்ற பெண் தொடுத்த வழக்கில் லூயின்ஸ்கிக்கு அழைப்பாணை அதற்கு முன்பே வந்திருந்தது. 1998 ஜனவரி 17 அன்று அந்த வழக்கில் சாட்சியம் சொல்லிவிட்டு வந்த அதிபர், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் செயலரை அலுவலகத்துக்கு வரச்சொன்னார். அந்தப் பெண் வந்தபோதெல்லாம் நீங்கள் கூடவே இருந்தீர்கள், நாங்கள் தனியாக இருந்ததே இல்லை என்ற பொருளில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி, ஆமோதிப்பை எதிர்பார்த்து நின்றார். ஆண்டுக்கணக்கில் உண்மையாக உழைத்த ஒருவரைப் பொய்ச்சாட்சிக்குப் பழக்கும் அந்தச் சில நிமிடங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. அதிபர் என்ன ஆனார் என்பது உங்களுக்குத் தெரியும். பிரதிநிதிகள் சபை அவர்மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது, செனட் 1999 பிப்ரவரியில் விடுவித்தது, பதவிக்காலம் முழுவதும் இருந்துவிட்டுப் போனார். பெட்டி கரி ஜூரிகள் முன் திரும்பத் திரும்ப நின்றார். லூயின்ஸ்கிக்கு அப்போது வயது 24. உலகம் முழுவதும் பேசிச் சிரிக்கும் பெயராக அவர் ஆக்கப்பட்டார்.

வழக்கறிஞர்களே, நீங்கள் எழுதும் அறிக்கைகளைப் பற்றியும் பேசவேண்டும். 1963 மார்ச் 22 விடியலுக்கு முன்பு, தூக்க மாத்திரை விழுங்கிவிட்டு உறங்கிக்கொண்டிருந்த பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃபூமோவை எழுப்பி நாடாளுமன்றத்துக்கு வரவழைத்தார்கள். ஆளுங்கட்சியின் தலைமைக் கொறடா அங்கே இருந்தார். அட்டர்னி ஜெனரலும் சொலிசிட்டர் ஜெனரலும் இருந்தார்கள். இன்னும் இரண்டு அமைச்சர்கள், புரொஃபூமோவின் சொந்த வழக்கறிஞர். கிறிஸ்டின் கீலர் என்ற இளம்பெண்ணுடன் தமக்குத் தகாத பழக்கம் எதுவும் இருந்ததில்லை என்று அவர் அவையில் வாசிக்கவேண்டிய அறிக்கை அந்த இரவிலேயே தயாரானது. காலை 11 மணிக்கு வாசித்தார். ஜூன் 5 அன்று, சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு பதவி விலகினார். சட்டம் படித்த அந்தப் பெரியவர்கள் அவருடைய வார்த்தையை நம்பினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நாட்டின் ராணுவத்துக்குப் பொறுப்பான அமைச்சர் பழகிய பெண், சோவியத் கடற்படை அதிகாரி ஒருவரோடும் பழகியவர் என்ற பேச்சு எழுந்திருந்த நேரத்தில், ஒரு நாள் பொறுத்து விசாரிப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. விடிவதற்குள் ஒரு காகிதம் வேண்டும் என்பதே அவர்களுடைய கவலையாக இருந்தது.

அந்த விவகாரத்தில் உயிரை விட்டவர் யார் தெரியுமா? அவர்களை அறிமுகம் செய்த மருத்துவர் ஸ்டீபன் வார்ட். அவர்மீது வழக்குப் போட்டார்கள். வழக்கு முடியும் தறுவாயில் அளவுக்கு மீறி மாத்திரை விழுங்கி, 1963 ஆகஸ்டு 3 அன்று இறந்தார். கீலர் வேறொரு வழக்கில் பொய்ச்சாட்சி சொன்னதற்காகச் சிறைக்குப் போனார். அவையில் பொய் சொன்ன அமைச்சர் சிறைக்குப் போகவில்லை. பிற்காலத்தில் அவர் லண்டனின் ஏழை மக்களிடையே பல பத்தாண்டுகள் தொண்டு செய்தார் என்பதையும் சொல்லவேண்டும். அது அவருடைய பெருமை. ஆனால் வார்டுக்குப் பிற்காலம் என்ற ஒன்றே இல்லை.

காவல்துறையிலும் உளவுப் பிரிவிலும் இருந்துகொண்டு தலைவர்களின் வீட்டு ரகசியங்களுக்குக் காவல் நிற்பவர்கள் பாரிஸ் நீதிமன்றத்தின் 2005 தீர்ப்பைத் தேடிப் படிக்கவேண்டும். பிரான்ஸ் அதிபராக இருந்த ஃபிரான்சுவா மித்தெரானுக்குத் திருமணத்துக்கு வெளியே ஒரு காதலும் ஒரு மகளும் இருந்தார்கள். அரசுக்குச் சொந்தமான குடியிருப்பில் அவர்கள் அரசுச் செலவில் வாழ்ந்தார்கள். பயங்கரவாதத்தை ஒடுக்குவதற்காக 1982இல் அதிபர் மாளிகையில் அமைக்கப்பட்ட சிறப்புப் பிரிவு, 1983 முதல் 1986 வரை ஏறத்தாழ 150 பேரின் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டது. ஒட்டுக்கேட்கப்பட்டவர்களில் பத்திரிகையாளர்கள் இருந்தார்கள், ஒரு நடிகை இருந்தார், அந்த மகளைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்ன எழுத்தாளர் ஒருவரும் இருந்தார். 1994இல் ஒரு வார இதழ் தந்தையும் மகளும் சேர்ந்திருக்கும் படத்தை வெளியிட்டது. குடியரசு கவிழ்ந்துவிடவில்லை. 1996 ஜனவரியில் மித்தெரானின் இறுதிச் சடங்கில் மனைவியும் காதலியும் பிள்ளைகளும் ஒரே இடத்தில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள். அந்தக் காட்சியை யாரும் அசிங்கம் என்று சொல்லவில்லை. இதை மறைக்கவா இத்தனை பேரின் பேச்சைத் திருடினார்கள்? வழக்குத் தீர்ப்பு வந்தபோது உத்தரவு கொடுத்தவர் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டவர்கள் உத்தரவை நிறைவேற்றிய அதிகாரிகள்.

இந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். டொனால்ட் டிரம்பின் வழக்கறிஞர் மைக்கேல் கோஹென், 2016 தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு டிரம்போடு உறவு இருந்ததாகச் சொன்ன ஒரு பெண் வாய் திறக்காமல் இருக்க, தம் வீட்டின்மீது கடன் வாங்கி 1 லட்சத்து 30 ஆயிரம் டாலர் கொடுத்தார். அப்படி ஓர் உறவே இருந்ததில்லை என்று டிரம்ப் மறுத்துவருகிறார். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததை வழக்கறிஞர் கட்டணம் என்று கணக்கில் எழுதியதற்காக 2024 மே மாதம் 34 குற்றச்சாட்டுகளில் டிரம்ப் குற்றவாளி என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. அவர் மீண்டும் அதிபரானார். கோஹெனுக்கோ இந்த விவகாரமும் சேர்ந்த வழக்கில் 2018இலேயே மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநில ஆட்சியை நடத்தும் ஆளுநராக இருந்த மார்க் சான்ஃபோர்ட் 2009 ஜூன் மாதம் சில நாட்கள் காணாமல் போனபோது, அப்பலாச்சியன் மலைப்பாதையில் நடைபயணம் போயிருக்கிறார் என்று அலுவலகத்தார் அறிவித்தார்கள். அவர் இருந்ததோ அர்ஜென்டினாவில், காதலியின் ஊரில். அந்த நாட்களில் ஒரு புயலோ கலவரமோ வந்திருந்தால் உத்தரவிட ஆள் இல்லை. துணை ஆளுநராலேயே அவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. மலைப்பாதை என்று ஊருக்குச் சொன்னவர்கள் அதை யோசித்தார்களா?

சில நேரங்களில் ஒளிவதற்கு நியாயம் உண்டு. இங்கிலாந்தில் 1967 வரை ஆண்களுக்கிடையிலான காதலுக்குச் சிறைதான். அந்தக் காலத்தில் ஓர் அரசியல்வாதி தன் காதலை மறைத்தால் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது, குற்றம் சட்டத்தினுடையது. லிபரல் கட்சித் தலைவர் ஜெரமி தார்ப்பின் விவகாரம் அங்கேதான் தொடங்கியது. ஆனால் 1975இல், தமக்கும் தார்ப்புக்கும் உறவு இருந்தது என்று சொல்லிவந்த மனிதர் முன் ஒருவர் துப்பாக்கியோடு போய் நின்றார். அந்த மனிதரோடு இருந்த நாய் சுடப்பட்டுச் செத்தது, மனிதர் பிழைத்தார். கொலைச் சதி வழக்கில் தார்ப்பும் மற்ற மூவரும் 1979இல் விடுதலையானார்கள். சிறைக்குப் போனவர் துப்பாக்கி பிடித்தவர். அநியாயமான சட்டத்துக்குப் பயந்து மௌனம் காப்பதற்கும், பேசுகிறவரின் வாயை அடைக்க ஆள் கிளம்புவதற்கும் நடுவில் எத்தனையோ படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் உங்களைப் போன்ற ஒருவர் நின்றிருப்பார். அவர் முடியாது என்று சொல்லியிருக்கலாம்.

குழந்தைகளைப் பற்றி எழுதும்போது என் கை நடுங்குகிறது. பிரிட்டன் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரின் அமைச்சர் செசில் பார்க்கின்சன், தம் செயலராக இருந்த பெண் கருவுற்ற செய்தி வெளியானதால் 1983இல் பதவி விலகினார். நான்கே ஆண்டுகளில் அமைச்சரவைக்குத் திரும்பினார். பிறந்த பெண்குழந்தையைப் பற்றி யாரும் எதுவும் வெளியிடக் கூடாது என்று 1993இல் நீதிமன்றம் தடை விதித்தது. குழந்தையைக் காக்கும் தடை என்றார்கள். அந்தத் தடைக்குப் பயந்து பள்ளிக் குழுப் புகைப்படத்தில்கூட அவளைச் சேர்க்கவில்லை என்று, அவளுக்கு 18 வயது நிரம்பித் தடை விலகியபிறகு பத்திரிகைகள் எழுதின. வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக நிற்க, ஒரு சிறுமி மட்டும் தள்ளி நிறுத்தப்படுகிறாள். அவள் செய்த தவறு பிறந்தது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்துக்கும் உத்தராகண்டுக்கும் முதலமைச்சராக இருந்த என்.டி. திவாரியைத் தம் தந்தை என்று அறிவிக்கக் கோரி ஓர் இளைஞர் 2008இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுக்கமாட்டேன் என்று திவாரி உச்ச நீதிமன்றம் வரை வாதாடினார். 2012இல், 86 வயதில், அவருடைய வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்தார்கள். சோதனை முடிவை ரகசியமாக வைக்கவேண்டும் என்று அதற்கும் மனுப் போட்டார்கள், நீதிமன்றம் ஏற்கவில்லை. முடிவு, அவர்தான் தந்தை என்றது. 2014இல் மகனை ஏற்றுக்கொண்டார். அந்தப் பையனின் தாயை மணந்தும் கொண்டார். முதல் நாளே செய்திருக்கக்கூடியதைச் செய்யவிடாமல் அத்தனை ஆண்டுகள் மனு மேல் மனுவாக எழுதிக் கொடுத்த கைகளுக்குச் சொந்தக்காரர்களைக் கேட்கிறேன்: "அப்பா" என்று அழைக்க ஒருவர் ரத்தச் சோதனை முடிவோடு வந்து நிற்கவேண்டுமா?

நீங்கள் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். ஐயாவின் உப்பைத் தின்றவன், எப்படிக் காட்டிக்கொடுப்பேன் என்பீர்கள். காட்டிக்கொடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. தெரிந்ததை ஊருக்குச் சொல்லாமல் இருப்பது உங்கள் தொழிலின் நாணயம். அதை நான் மதிக்கிறேன். வாயை மூடிக்கொண்டிருப்பது வேறு, வாயைத் திறந்து பொய் சொல்வது வேறு. வேலை போய்விடும் என்பீர்கள். போகலாம். வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த முடிவை எடுப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஆண்ட்ரூ யங்குக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். எதிர்க்கட்சிக்காரன் இதை வைத்து ஆட்சியைக் கவிழ்த்துவிடுவான் என்பீர்கள். கவிழ்க்கப் பார்ப்பான், உண்மைதான். அவனுக்கு உறவைவிடப் பெரிய ஆயுதம் நீங்கள் எழுதிய பொய்க்கணக்கு. உறவு மட்டும் என்றால் நான்கு நாள் பேசிவிட்டு மக்கள் வேறு வேலை பார்க்கப் போவார்கள். போலி ரசீது என்றால் விசாரணை ஆணையம் வரும், வழக்கு வரும், நீங்களும் வருவீர்கள்.

ஆகவே என் வேண்டுகோள்களைச் சொல்கிறேன். தலைவர் தனியாக எங்காவது போகவேண்டும் என்றால் சொந்த வண்டியில், சொந்தக் காசில் போகட்டும். விடுப்பு என்று பதிவேட்டில் எழுதுங்கள், எங்கே என்று எழுதவேண்டாம், ஆனால் அவசரம் என்றால் அவரை அழைக்க ஒரு வழி இருக்கவேண்டும். நிருபர் கேட்டால், அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றி நான் பேசுவதில்லை என்று சொல்லுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அதையே சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்கு வழக்கறிஞர் தேவைப்பட்டால் அவரே தேர்ந்தெடுக்கட்டும். லூயின்ஸ்கிக்கு முதல் வழக்கறிஞரை ஏற்பாடு செய்தவர் கிளிண்டனின் நெருங்கிய நண்பர். அந்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் தயாரான பிரமாணப் பத்திரம், உறவை மறுத்த அதே பொய்யான பத்திரம், அந்தப் பெண்ணைச் சிறையின் வாசல் வரை கொண்டுபோய் நிறுத்தியது. குழந்தை இருந்தால் அதன் பிறப்புச் சான்றிதழில் கை வைக்காதீர்கள். பதவியைக் காட்டி, வேலையைக் காட்டி, அந்தப் பெண் அந்த உறவுக்குள் இழுக்கப்பட்டிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்தால், அது காதலே இல்லை. அங்கே மௌனத்துக்கும் உரிமை கிடையாது, அவர் பக்கம் போய் நில்லுங்கள்.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது ஒருவர் ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்டிருக்கலாம். உங்கள் பெயரில் ஒரு வாடகை ஒப்பந்தம் இருக்கலாம். உங்கள் கணக்கு வழியாகப் பணம் போயிருக்கலாம். எதையும் கிழிக்காதீர்கள், அழிக்காதீர்கள். தலைவர் அனுப்பும் வழக்கறிஞரிடம் போகாமல், உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மறுப்பு அறிக்கை எழுதிக் கொண்டுவா என்று இரவில் அழைப்பு வந்தால், வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துப் போய் அவர் முன்னால் வைத்து, உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள் ஐயா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தலைவர்களுக்கு வாக்களிக்கும் ஒருவன்